ஸ்கேனருக்கு வைத்த பொட்டு

விஜயதசமி காலை

அன்றைக்கு முதலில் என்னைக் கூப்பிட்டது ஜன்னல் ஓரத்து மேசை. வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். கிரிவலத்தை முடித்துவிட்டு, கால் வலியும் பசியுமாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீட்டுப் பெண், கல்லூரியில் படிப்பவளாக இருக்கும், மேசைமேல் இருந்த மரக்கட்டைக்கு நேராகப் போனை நீட்டினாள். தள்ளிப் பிடித்தாள், கிட்டப் பிடித்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"அங்கிள், ஸ்கேன் ஆக மாட்டேங்குது."

"வெளிச்சம் கம்மியா இருக்கும்மா. கொஞ்சம் சாய்ச்சுப் புடி" என்றேன்.

சாய்த்தும் பார்த்தாள். ஆகவில்லை. அதற்குள் அடுத்த மேசையிலும் அதே பேச்சு. எதிர் வரிசையில் ஒருவர், "என்ன சார், நெட்டு இல்லையா?" என்று சத்தம் போட்டார். கிட்டப் போய்ப் பார்த்தேன். கட்டையில் ஒட்டியிருந்த கியூஆர் கோடின் மூன்று மூலையிலும் லட்சணமாகச் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமமும் வைத்திருந்தது. ஒரு மேசை பாக்கியில்லை.

முந்தின நாள் ஆயுத பூஜை. பூஜைக்கு மறுநாள் ஓட்டலில் பொட்டு இல்லாத சாமானே இருக்காது. கிரைண்டர், தோசைக்கல், பில் மெஷின், தண்ணீர் ஃபில்டர் எல்லாவற்றுக்கும் உண்டு. அதனால் காலையிலிருந்து அந்தப் பொட்டெல்லாம் கண்ணில் பட்டும் மண்டையில் ஏறவில்லை. ஈரத்துணி எடுத்து ஒரு கட்டையைத் துடைத்தேன். வெறும் பேப்பரில் அடித்து ஒட்டியது. சந்தனமும் குங்குமமும் கறுப்பு மையும் ஒன்றாகக் கலந்து சட்னி மாதிரி ஆகிவிட்டது. வாசலில் இன்னொரு வேன் வந்து நின்றது.

ஓட்டல் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் பழைய சங்கதிகளைக் கேட்பார்கள். நான் எப்போதும் இந்தக் காலையில் இருந்துதான் ஆரம்பிப்பேன். ரொம்பப் பழைய சங்கதி இல்லை. ஆனாலும் இதைவிடப் பெரிதாக எனக்கு எதுவும் நடந்ததில்லை.

ஸ்கேனர் வந்தது

என் பெயர் ஏழுமலை. செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி இருக்கும் ஒரு சைவ ஓட்டலில் கேப்டன். கேப்டன் என்றால் கப்பலும் கிடையாது, கிரிக்கெட்டும் கிடையாது. வருகிறவர்களை உட்கார வைத்து, ஆர்டர் எடுத்து, கிச்சனுக்குச் சீட்டு அனுப்பி, சப்ளையர்கள் யார் எங்கே நிற்க வேண்டும் என்று பார்க்கிற வேலை. சப்ளையராகச் சேர்ந்து இந்த இடத்துக்கு வர எனக்குப் பாதி ஆயுள் ஆயிற்று.

முதலாளிக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனபின் அவர் மகள் சுகன்யா கல்லாவுக்கு வந்தார். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவர். நாங்கள் மேடம் என்போம். கெட்டிக்காரி, அவசரக்காரி. வந்த கொஞ்ச நாளிலேயே என்னையும் சப்ளையர்களையும் கூட்டி நிற்க வைத்து, ஒரு மரக்கட்டையைக் காட்டினார். அதற்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்கேனர்.

"இனிமே கஸ்டமர் போன்ல ஸ்கேன் பண்ணி அவங்களே ஆர்டர் போட்டுடுவாங்க. நேரா கிச்சன்ல பிரிண்ட் வந்துடும்."

"அப்ப நாங்க என்ன பண்றது மேடம்?" என்று கேட்டேன்.

"நீங்க கொண்டு போய் வெச்சா போதும்ணா. கார்த்திகை தீபம் வரைக்கும் பார்க்கலாம். அதுக்கப்புறம் ஃப்ளோர்ல எத்தனை பேர் வேணும்னு முடிவு பண்றேன்."

சிரித்த முகமாகத்தான் சொன்னார். ஆனால் ஆர்டர் எடுப்பதுதான் கேப்டன் வேலை. அது போய்விட்டால் கேப்டன் எதற்கு? என் மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். என் வயசுக்காரனை வேறு ஓட்டலில் சேர்த்தால் வாட்ச்மேனாகச் சேர்ப்பான், அல்லது பாத்திரம் எண்ணச் சொல்வான். தீபம் முடிந்தால் என் கதையும் முடியும் என்று அன்றைக்கே நினைத்துவிட்டேன்.

மேடம் கட்டையைத் திருப்பி, அந்தக் கோடின் மூலைகளில் இருந்த மூன்று பெரிய கட்டங்களைத் தொட்டுக் காட்டினார். "போன் கேமரா இந்த மூணு கட்டத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கும். மத்த இடத்துல கொஞ்சம் அழுக்கு பட்டாகூட சமாளிச்சுக்கும். இது மேல மட்டும் சாம்பார் கீம்பார் படாம பார்த்துக்குங்க. சென்னையிலேருந்து நல்ல பிளாஸ்டிக்ல வர்ற வரைக்கும் பேப்பர்தான்." நானும் சப்ளையர்களும் தலையாட்டினோம். மேசை துடைப்பவர்கள் உட்பட பின்கட்டு ஆட்களை அவர் அன்றைக்குக் கூப்பிடவில்லை.

மெனு கார்டையெல்லாம் கயிறு போட்டுக் கட்டி ஸ்டோர் ரூமில் வைக்கச் சொன்னார். தூக்கிக்கொண்டு போனவள் வள்ளி. மேசை துடைப்பது, இலை எடுப்பது அவள் வேலை. அடி அண்ணாமலையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள். "பழைய பேப்பர்காரன் வந்தா போட்டுடலாம் வள்ளிக்கா. இனிமே அதுக்கு வேலை இல்ல. ஸ்கேனர்தான் நமக்குச் சோறு போடப் போகுது" என்று மேடம் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. என்னையே கயிறு போட்டுக் கட்டியதுபோல் நின்றேன்.

பூஜைக்கு முந்தின அந்தச் சில நாட்கள் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பாதிப் பேர் பணம் அனுப்புகிற ஆப்பைத் திறந்து ஸ்கேன் செய்தார்கள். "சாப்புடறதுக்கு முன்னாடியே காசா?" என்று ஒரு பெரியவர் எழுந்து போகப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கிச்சன் மாஸ்டரிடம், "கஸ்டமர் குனிஞ்சு போனையே பார்த்துக்கினு இருந்தா நான் யார் மூஞ்சியப் பார்த்து சிரிக்கிறது? மெனு கார்டுன்னா கையில குடுக்கறப்பவே நாலு வார்த்தை பேசலாம்" என்று தினமும் பாடிக்கொண்டிருந்தேன். கல்லாவுக்குக் கேட்கும் தூரத்தில்தான் பாடினேன்.

கை கழுவுமிடம்

மறுபடி விஜயதசமிக்கு வருகிறேன். மேடம் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். வரிசையாக நாலைந்து மேசைகளைப் பார்த்தார். முகம் இறுகிவிட்டது. கை கழுவுமிடத்துக்கு என்னைக் கூப்பிட்டார். சப்ளையர்கள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள்.

"அண்ணா, நடுவுல வெச்சிருந்தாகூட ஸ்கேன் ஆயிருக்கும். கரெக்டா மூணு கட்டத்து மேலயும் வெச்சிருக்கு. எல்லா டேபிள்லயும். இது தெரியாம பண்ண மாதிரி இல்லையே."

"நான் வெக்கலைங்க மேடம்."

"அப்ப யாரு?"

யார் என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் சாயந்திரம் வள்ளி சந்தனக் கிண்ணத்தோடு மேசை மேசையாகப் போனதை என் கண்ணால் பார்த்தேன். என்ன வைக்கிறாள் என்று அப்போது கவனிக்கவில்லை. இப்போது அவள் எங்களுக்குப் பக்கத்திலேயே, வாஷ்பேசினைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் நான் தப்பித்தேன். ஆனால் கேப்டனை அனுப்புவதென்றால் கணக்கு முடிக்க வேண்டும், பெரிய முதலாளியைக் கேட்க வேண்டும். மேசை துடைக்கிறவளை அனுப்ப, "நாளையிலேருந்து வராதே" என்று ஒரு வார்த்தை போதும். நான் தரையைப் பார்த்தேன்.

"உங்களுக்கு இது புடிக்கலைனு எனக்குத் தெரியும்ணா. நேரா சொல்லியிருக்கலாம். பூஜை பேரை வெச்சு இப்படிப் பண்ணியிருக்க வேணாம். ரஷ் முடிஞ்சதும் வாங்க, பேசிக்கலாம்."

ஓட்டல் லைனில் இருப்பவர்களுக்கு அந்தக் கடைசி வாக்கியத்தின் அர்த்தம் தெரியும். கணக்கை முடிக்கப் போகிறார். மகள் முகம்தான் முன்னால் வந்து நின்றது.

வள்ளி குழாயை மூடினாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, எனக்கும் மேடத்துக்கும் நடுவில் நின்றாள்.

"நாந்தாம்மா வெச்சேன்."

மேடம் திரும்பினார். "நீங்களா? ஏன்?"

"ஏன்னா என்னம்மா? பூஜைக்கு வெக்கிறதுதானே. கிரைண்டருக்கு வெச்சோம், பில்லு மெஷினுக்கு வெச்சோம், இது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு? கை கால் அலம்பிக்கினுதான் வெச்சேன். மூலைக்கு மூலை கட்டம் கட்டமா, பொட்டுக்குன்னே எடம் உட்டாப்புல இருந்துச்சு. அதுல வெச்சேன். கெட்டுப் பூடும்னு எனக்கு இன்னாம்மா தெரியும்?"

மேடம் விடவில்லை. "ஏழுமலை அண்ணா சொல்லி வெச்சீங்களா?"

வள்ளிக்குக் கோபம் வந்துவிட்டது. "அவுரு சொல்லியிருந்தா நான் மெனு கார்டுக்குத்தானே வெச்சிருப்பேன்! பொழுதினிக்கும் அதத்தானே பேசிக்கினு கெடக்கறாரு. அதுக்கு நான் வெக்கல. போய்ப் பாருங்க. அதுக்கு இனிமே வேல இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க? வேல செய்யறதுக்குத்தாம்மா பொட்டு. இனிமே இதுதான் நமக்குச் சோறு போடப் போவுதுன்னு நீங்க சொன்னீங்க, நான் வெச்சேன்."

மேடம் அவளையே பார்த்தார். "ஸ்டோர் ரூம் சாவி எங்க?" என்று கேட்டார். அவரே போய் மெனு கார்டுக் கட்டை எடுத்து வந்து மேசைமேல் போட்டு அவிழ்த்தார். கார்டெல்லாம் சுத்தமாக இருந்தன. சந்தனத் துளி ஒன்று இல்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அந்த ஓட்டலில் ஸ்கேனரை மனசார ஏற்றுக்கொண்டவள் வள்ளி ஒருத்திதான். நாங்கள் எல்லாம் தலையை மட்டும் ஆட்டியவர்கள்.

கார்டும் வேணும், போனும் வேணும்

"பேச நேரமில்ல. கார்டை எடுங்க" என்றார் மேடம்.

எடுத்தோம். பிரிண்ட் கடையெல்லாம் பூஜை லீவு, புதுசாக அடிக்க வழியில்லை. மேடம் தன் போனில் இருந்த கியூஆர் கோடைக் காட்டி ஒரு மேசையை ஸ்கேன் பண்ண வைத்துப் பார்த்தார். ஒரு போனைத் தூக்கிக்கொண்டு எத்தனை மேசைதான் சுற்றுவது? அதை இடுப்பில் செருகிவிட்டு, சீட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவரே ஆர்டர் எடுக்க இறங்கிவிட்டார். உள்ளேயிருந்து மாஸ்டர் கத்தினார்: "யார் கையெழுத்துய்யா இது? மருந்து சீட்டு மாதிரி இருக்குது! ரவாவா, ரோஸ்ட்டா?"

"ரோஸ்ட், மாஸ்டர்!" என்று மேடம் அங்கிருந்தே கத்தினார். சப்ளையர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார்.

வேலூர்க் குடும்பத்துக்குக் கார்டைக் கொடுத்தேன். அந்தப் பெண் கார்டைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு, அதைப் பெரிதாக்கிப் படித்தாள். அவள் தாத்தா கார்டை வாங்கிக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்தார். அவரவர் வழியில் எல்லோருக்கும் சாப்பாடு வந்து சேர்ந்தது.

அந்தக் கூட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. எங்களிடம் வழக்கமாக வருகிற ஓர் இத்தாலிக்கார அம்மா உண்டு. பக்கத்துத் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர். காரம் ஒத்துக்கொள்ளாது. அவருக்கு ஆர்டர் எடுப்பதென்றால் நானும் அவரும் கையாலும் முகத்தாலும் ஒரு நாடகமே போட வேண்டும். மிளகாய் இல்லை என்று நான் தலையாட்டினால், மிளகு இருக்கிறதா என்று அவர் கண்ணை உருட்டுவார். அன்றைக்கு அவரைப் பார்த்ததும், "அண்ணாமலையாரே, இப்பப் போயா" என்று நினைத்தேன். அவரோ பொட்டு வைத்த கட்டையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, போனை எடுத்து, முன்னமே ஸ்கேன் செய்து சேமித்து வைத்திருந்த எங்கள் மெனுவைத் திறந்தார். போனே அதை அவர் பாஷைக்கு மாற்றிக் காட்டியது. காரம் வேண்டாம் என்று அதிலேயே எழுதி ஆர்டர் போட்டார். கிச்சனில் பிரிண்ட் வந்தது. அந்தக் காலையில் ஸ்கேனர் வழியாக வந்த ஒரே ஆர்டர் அதுதான். நான் கொண்டுபோய் வைத்தேன், அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். போனைப் பார்த்தால் சிரிக்க முடியாது என்று நான் பாடிய பாட்டெல்லாம் அத்தோடு நின்றது. அந்தக் கட்டைமேல் எனக்கிருந்த கோபமும் இறங்கியது. இன்றைக்கு என் முட்டி நன்றாக இருக்கிறதென்றால், பாதி நடையை அது மிச்சம் பிடித்ததால்தான். நன்றியைச் சொல்லத்தான் வேண்டும்.

கூட்டம் ஓய்ந்தது. வந்து பேசிக்கொள்ளலாம் என்று மேடம் சொன்னது எனக்கு மறக்கவில்லை. கல்லாவுக்குப் போனேன். அவர், "இங்க வேணாம்ணா, வாங்க" என்று கை கழுவுமிடத்துக்கே கூட்டிப் போனார். சப்ளையர்கள், மாஸ்டர், வள்ளி எல்லோரையும் வரச் சொன்னார்.

"காலையில எல்லார் முன்னாடியும் அண்ணாவைக் கேட்டேன். அதனால எல்லார் முன்னாடியும் சொல்றேன். தப்பு என்னோடது. விசாரிக்காம பேசிட்டேன். மன்னிச்சுக்குங்கண்ணா."

நான் எத்தனையோ முதலாளிகளிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். சிலர் பிறகு தனியாகக் கூப்பிட்டு, தோளைத் தட்டி, டீக்குக் காசு கொடுப்பார்கள். திட்டிய இடத்திலேயே, திட்டியபோது நின்றவர்கள் முன்னாலேயே யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. "பரவால்லைங்க மேடம்" என்று சொல்ல நினைத்து, "சரிங்க" என்று மட்டும் சொன்னேன். இதைப் படிக்கிற பிள்ளைகளே, நாளைக்கு நீங்கள் கேப்டன் ஆவீர்கள், மேனேஜர் ஆவீர்கள். யாரையாவது நாலு பேர் முன்னால் பேசிவிட்டால், சமாதானத்தையும் அந்த நாலு பேர் முன்னாலேயே சொல்லுங்கள். நான் இந்தத் தொழிலில் கற்றதில் பெரியது அதுதான், என்னைவிட வயதில் சின்னவரிடம் கற்றேன்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தீபம் வந்தது, போனது. யாரையும் அனுப்பவில்லை. ஸ்கேனர் இருக்கிறது, இப்போது பிளாஸ்டிக்கில். கார்டும் இருக்கிறது, கேட்கிறவர்களுக்கு மட்டுமல்ல, உட்கார்ந்ததுமே கொடுக்கிறோம். எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளட்டும். புதுசாக எதையாவது ஓட்டலில் மாற்றினால், மேடம் இப்போதெல்லாம் பின்கட்டு ஆட்களையும் கூப்பிட்டு வைத்துச் சொல்கிறார். நான் இன்னும் கேப்டன்தான். என் மகள் வேலைக்குப் போய்விட்டாள்.

வள்ளி உட்கார்ந்த மேசை

ஆனால் அந்த விஜயதசமியை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது மன்னிப்பும் இல்லை, தீபமும் இல்லை. அன்றைக்கு மதியம்.

எல்லோரும் கலையப் போனபோது மேடம் வள்ளியின் கையைப் பிடித்தார். "வள்ளிக்கா, இன்னைக்கு நீங்க கஸ்டமர். உட்காருங்க. என்ன வேணுமோ சாப்பிடுங்க."

வள்ளி மாட்டேன் என்றாள். பின்னால் போட்டு வைத்த சாம்பார் சாதம் போதும் என்றாள். மேடம் கேட்கவில்லை. ஜன்னல் ஓரத்து மேசையில் உட்கார வைத்தார். எத்தனையோ வருஷமாக அவள் துடைக்கிற மேசை. நாற்காலியின் நுனியில், யாராவது எழுப்பிவிடுவார்கள் என்பதுபோல உட்கார்ந்தாள். மேடம் கார்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

வள்ளி அதைத் தொடவில்லை. "எனக்கு இந்தக் கார்டும் ஒண்ணுதான், அந்த ஸ்கேனரும் ஒண்ணுதாம்மா. படிக்கத் தெரியாதே" என்றாள், சிரித்துக்கொண்டே.

மேடம் என்னைப் பார்த்தார். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நான் முதன்முதலில் சப்ளையராகச் சேர்ந்த டிபன் கடையில் கார்டு கிடையாது, பலகைகூடக் கிடையாது. எல்லாம் வாய்தான். போய்த் தண்ணீர் வைத்தேன். இலை போட்டேன். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு எப்படி நிற்பேனோ அப்படி நின்றேன்.

"வாங்கம்மா. என்ன சாப்பிடறீங்க?"

"இன்னாண்ணா, வாங்கம்மான்றீங்க..." என்று அவள் கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். "இட்லி, நெய் இட்லி, பொடி இட்லி, மெதுவடை, சாம்பார் வடை, தயிர் வடை, வெண்பொங்கல், ரவா கிச்சடி, பூரி கிழங்கு, சப்பாத்தி குருமா, சாதா தோசை, மசால் தோசை, பொடி தோசை, நெய் ரோஸ்ட், வெங்காய ரவா, ஊத்தப்பம், அடை அவியல், இடியாப்பம் தேங்காய்ப்பால், ரவா கேசரி, காபி, டீ, பால்..."

அந்தப் பெயரெல்லாம் தினமும் அவள் காதில் விழுகிறவைதான். நாங்கள் நாளெல்லாம் கிச்சனைப் பார்த்துக் கத்துகிறவை. அவள் முகத்தைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. அவள் திரும்பி என்னையே பார்த்தாள். நான் முடித்ததும், என்ன கேட்பாளோ என்று சப்ளையர்கள் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இன்னொரு வாட்டி சொல்லுண்ணா" என்றாள்.

முதலிலிருந்து சொன்னேன்.